திணையா, திரையா? – வாவிக்கரைத் தொழில் வலயங்களும் அழகுபடுத்தலும்

மட்டக்களப்புப் பிராந்தியத்து ஊர்களின் பெயர்களை ஒருமுறை வரிசைப்படுத்தி வாசித்தால், பெருந்தோப்பொன்றினுள் நுழைந்த உணர்வே மேலோங்கும். புளியந்தீவு, நாவலடி, தாழங்குடா, புன்னைக்குடா, இலுப்படிச்சேனை, மாங்கேணி, பனிச்சங்கேணி, மருதமுனை என அவ்வரிசை நீண்டு செல்கின்றது. இப்பெயர்களைச் சூட்டியோர் நகர அலங்கார நிபுணர் அல்லர். தோணி தள்ளியோரும், வலை உலர்த்தியோரும், சேனை வெட்டியோருமே அவர்கள். புன்னையின் மரம் தோணி கட்டப் பயன்பட்டது. அதன் வித்திலிருந்து எடுத்த எண்ணெய் விளக்கெரித்தது. பனிச்சங்காயின் சாறு வலைநூலுக்கு உரமூட்டியது. தாழையின் வேர் கரைமணலைப் பற்றி நின்றது. மரமும் தொழிலும் ஊரும் ஒன்றையொன்று தாங்கி நின்ற வாழ்வின் சாட்சியங்களாக இப்பெயர்கள் எஞ்சியுள்ளன.

இன்று இதே நிலப்பரப்பில் 'அழகுபடுத்தல்' என்னும் புதுச்சொல் உலா வருகின்றது. தொழில் வலயமொன்று திட்டமிடப்படும்போதும், கடைத்தெருவொன்று புனரமைக்கப்படும்போதும், திட்ட அறிக்கையின் இறுதிப் பக்கத்தில் இச்சொல் தவறாது இடம்பிடித்துக்கொள்கின்றது. அதன் உள்ளடக்கம் யாது? நுழைவாயிலில் ஒரு பெயர்ப்பலகை; அதனடியில் கத்தரித்த குறோட்டன் வரிசை; பசும்புல் விரிப்பு; வண்ணவிளக்குப் பொருத்திய நீரூற்று; நடைபாதையில் சீமெந்துக் கற்கள். திறப்புவிழாவன்று நாடா வெட்டப்படும், புகைப்படம் பிடிக்கப்படும். அடுத்த கச்சான் காற்றுக் காலத்திலே புல் கருகும்; ஊற்று வற்றும். சுவருக்கு அப்பால், ஆலையின் பின்புறத்தில், வடிகான் மட்டும் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும்.

அழகை எவரும் வெறுப்பதில்லை. தொழிற்சாலை என்றாலே அவலட்சணமாகத்தான் இருத்தல் வேண்டும் என்ற நியதியும் இல்லை. எனினும், யாருடைய கண்ணுக்காக, எந்த இடத்தில் நின்று பார்ப்பதற்காக, எதை மறைப்பதற்காக இவ்வழகு படைக்கப்படுகின்றது என்ற வினாக்களை எழுப்பாமல் அதனை வரவேற்றல் அறிவுடைமையாகாது. பெருவீதியில் காரில் செல்வோன் காண்பதற்காக நடப்படும் பூச்செடி ஒரு திரை. அத்திரையின் மறுபுறத்தில் உழைப்போனும், அவன் உழைப்பின் கழிவை ஏற்கும் நீரும் மறைக்கப்படுகின்றன. இத்தகைய திரைக்கு நிலவனப்பு என்று பெயரிடுதல் சொல்லுக்கு இழைக்கும் அநீதியாகும்.

நிலம் பற்றிய தமிழ்ச் சிந்தனை இத்திரைப் பண்பாட்டுக்கு முற்றிலும் மாறுபட்டது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, அந்நிலத்தில் தோன்றி வாழ்பவற்றைக் கருப்பொருள் எனத் தொகுக்கின்றது. அத்தொகுப்பில் மரமும் பறவையும் விலங்கும் உணவும் உள்ளன. அவற்றோடு ஒருங்கே தொழிலும் உள்ளது என்பது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. தொழிலை நீக்கிவிட்டு மரத்தை மாத்திரம் வைத்து ஒரு திணையை அமைத்துவிட முடியாது. மீன்பிடித்தலும் உப்புவிளைத்தலும் அற்ற நெய்தல், நெய்தலாகாது. அது நெய்தலின் படம்.

இது பழம்பெருமை பேசுவோரின் வெற்றுரை அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகர்த்திட்டக் கலையை வளர்த்தோருள் ஒருவரான ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ், இடம், தொழில், மக்கள் என்னும் மூன்றையும் பிரிக்கவொண்ணா முக்கூறுகளாகக் கொண்டார். 1921 இல் கொழும்புக்கான நகர்த்திட்ட அறிக்கையை வரைந்தவரும் அவரே. ஒரு நகரைச் சீர்செய்யப் புகுமுன் அதன் மக்கள் எங்கே நடக்கின்றனர், எங்கே நீர் அள்ளுகின்றனர், எங்கே தொழில் செய்கின்றனர் என்பதை அறிதல் வேண்டும் என்பது அவரது துணிபு. கொழும்பைப் பூங்கா நகராகக் காணும் கனவை அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட பிற்காலத்தோர், அவரது முக்கூற்றை மாத்திரம் வசதியாக மறந்துவிட்டனர்.

தொழிற்சாலையைச் சூழத் தோட்டம் அமைக்கும் வழக்கத்தின் வரலாறும் அறியத்தக்கது. பிரித்தானியாவில் கட்பரி சகோதரர் தமது சொக்கலேற் ஆலையை 1879 இல் போன்வில்லுக்குப் பெயர்த்தனர். சவர்க்கார உற்பத்தியாளரான லீவர் 1888 இல் போர்ட் சன்லைட் குடியிருப்பைத் தொடங்கினார். தொழிலாளருக்கு வீடும் தோட்டமும் விளையாட்டுத் திடலும் அங்கே கிடைத்தன. அவற்றில் முதலாளியின் கணக்கும் கலந்திருந்தது. நலமுள்ள தொழிலாளி நன்கு உழைப்பான், அடங்கியும் நடப்பான் என்பதே அக்கணக்கு. ஆயினும், அத்தோட்டத்தினுள் தொழிலாளி உலவினான், அவன் பிள்ளை விளையாடியது என்பதை மறுத்தலாகாது. இன்றைய அழகுபடுத்துவோர் அந்த அளவுக்கேனும் வந்தாரில்லை. இவர்களது புல்வெளியில் 'உள்ளே மிதியாதீர்' என்னும் பலகையே முதலில் முளைக்கின்றது.

வாவிப் பிரதேசத்தின் சொந்த அனுபவத்துக்கு வருவோர் வாழைச்சேனையைத் தவிர்த்துச் செல்ல இயலாது. சுதந்திரம் பெற்ற தொடக்க ஆண்டுகளில், ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சர் பொறுப்பை வகித்தபோது, காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயன ஆலை, வாழைச்சேனைக் கடதாசி ஆலை ஆகியன உருப்பெற்றன. வாழைச்சேனையில் 1956 இல் உற்பத்தி தொடங்கியது. அயலிலுள்ள வயல்களின் வைக்கோலும் இலுக்குப் புல்லும் அதற்கு மூலப்பொருளாயின. உழவன் எரித்துவிடும் வைக்கோல் மாணவனின் கொப்பியாக மாறிய அக்காலத்தைக் கிழக்கின் மக்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கின்றனர். பல தலைமுறைக் குடும்பங்கள் அவ்வாலையால் உலை வைத்தன.

ஆனால், வைக்கோலைக் காரச் சோடாவில் வேகவைத்துக் கூழாக்கும்போது கருந்திரவம் ஒன்று மிஞ்சுகின்றது. மரக்கூழ் ஆலைகளில் அதனைச் செறிவாக்கி எரித்து இரசாயனத்தை மீட்பர். வைக்கோலில் மணற்சத்தாகிய சிலிக்கா மிகுதியாதலால் அம்மீட்பு கடினமானதும் செலவு மிக்கதுமாகும். எனவே கருந்திரவம் நீர்நிலையை நாடுகின்றது; அங்கே அழுகி, நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவை உறிஞ்சி, மீனை மூச்சடைக்கச் செய்கின்றது. வாழைச்சேனை வாவி ஆலைக்கழிவால் மாசுற்றதை ஆய்வாளர் நெடுங்காலமாகச் சுட்டி வந்துள்ளனர். அவ்வாலைக்குத் தேவைப்பட்ட 'அழகு' யாது? முகப்பில் நான்கு ரோசாப் பாத்தியா, பின்புறத்தில் ஒரு சுத்திகரிப்புக் குளமா? யுத்தமும் நிருவாகச் சீர்கேடும் மலிந்த இறக்குமதியும் ஆலையைப் பின்னர் முடக்கின. மீள இயக்கும் முயற்சிகள் பலமுறை நடந்தன. இனி எவ்வாலை எழுந்தாலும் இவ்வினாவுக்கு விடையிறுத்த பின்பே எழுதல் வேண்டும்.

இவ்வினா பழங்கதை அன்று. ஏறாவூரை அடுத்த புன்னைக்குடாவில் துணி உற்பத்திக்கும் சாயமிடலுக்குமெனத் தனி வலயமொன்று 2020களின் தொடக்கத்தில் அரசினால் திட்டமிடப்பட்டது. வேலைவாய்ப்பின்றி மத்திய கிழக்குக்குப் பெண்களை அனுப்பிக்கொண்டிருக்கும் மாவட்டமொன்றில் இத்தகைய வலயத்தை முற்றாக எதிர்ப்பது எளிதன்று, நியாயமும் அன்று. எனினும் சாயத்தொழில் தண்ணீரைக் குடிக்கும் தொழில். வழக்கமான முறையில் ஒரு கிலோகிராம் துணியை வெளுத்துச் சாயமிட்டு முடிக்க ஏறத்தாழ நூறு லீற்றர் நீர் செலவாகும். அந்நீர் உப்பும் சாயமும் காரமும் கலந்து வெளியேறும்.

அது எவ்விடம் செல்லும் என்பதை அறியத் தமிழ்நாட்டின் திருப்பூரை நோக்கினாற் போதும். பனியன் ஏற்றுமதியால் செல்வம் கொழித்த அந்நகரின் சாயக்கழிவு நொய்யலாற்றில் இறங்கியது. பாசனத்துக்கென 1990களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர்த் தேக்கமாக மாறியது. பாசனத்துக்கு நீர் திறக்குமாறு கேட்கவேண்டிய உழவர்கள், அந்நீரைத் திறந்துவிட வேண்டாம் என மன்றாடினர். இறுதியில் 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடுமாறு கட்டளையிட்டது. ஆலை மூடப்பட்டபோது முதலில் வயிறு காய்ந்தவன் தொழிலாளியே. கழிவைக் கவனியாத வளர்ச்சி, மீனவனையும் உழவனையும் கெடுத்துவிட்டு ஈற்றில் தொழிலாளியையும் கைவிடும் என்பதே திருப்பூர் புகட்டும் பாடம். அங்கே நொய்யற்கரையில் எத்துணைப் பூங்காக்கள் அமைத்திருப்பினும் இம்முடிவு மாறியிராது.

வாவியின் இயல்பைச் சற்று உன்னினால் இவ்வபாயம் மேலும் தெளிவாகும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி, கடலோடு கைகோப்பது பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலுமேயாம். வறண்ட மாதங்களில் மணல் வாயை அடைக்கும்; மாரியில் வெள்ளம் திரளும்போது ஆற்றுவாய் வெட்டப்படும். வாய் அடைபட்டிருக்கும் காலத்தில் வாவியில் விழுந்த கழிவுக்குப் போக்கிடம் இல்லை. அது சேற்றில் படியும், இறாலில் ஏறும், பின்னர் சோற்றுக்கோப்பைக்கு வரும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்கீற்றிலோ நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. கிணறுகள் அனைத்தும் அப்படையையே நம்பியுள்ளன. அலங்காரப் புல்லுக்கு அள்ளி இறைக்கும் நீரும், அதற்கு இடும் பசளையும் பூச்சிநாசினியும் அதே மணலினூடாக அதே கிணற்றையே சென்றடையும். ஆகவே வெறும் புல்விரிப்புங்கூட இம்மண்ணில் குற்றமற்ற அலங்காரம் அன்று.

மட்டக்களப்பார் வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். அழகுபடுத்தல் யாவும் எழுவான்கரையின் பெருவீதியில் நின்று நோக்கும் நோக்கே. படுவான்கரையிலிருந்து தோணியேறி, துவிச்சக்கரவண்டியேறி வேலைக்கு வருவோனின் கண்ணுக்கு வாவிக்கரை எவ்வாறு தோன்றும்? அவனுக்கு வேண்டியது இறங்குதுறை, நண்பகலில் தலைசாய்க்க ஒரு நிழல், குடிக்கத் தண்ணீர், பெண் தொழிலாளர்க்கு மறைவும் தூய்மையும் உள்ள மலசலகூடம். கரையைக் கருங்கல்லால் மதிலிட்டு, கைப்பிடிக் கம்பி நட்டு, உலாவும் பாதையாக்கும்போது வள்ளம் இழுத்து ஏற்றும் இடமும், வீச்சுவலை உலர்த்தும் இடமும் மறைந்தொழிகின்றன. காட்சிக்கு வாவி மிஞ்சுகின்றது. வாழ்வுக்கு அது மிஞ்சுவதில்லை.

அழகின் பெயரால் எளியோர் அகற்றப்படுதல் இந்நாட்டுக்குப் புதிதன்று. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகாரசபை, 2010 இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டில் கொழும்பு கொம்பனித்தெருவில் மக்களின் வீடுகள் தகர்க்கப்பட்டன. தலைநகர் மினுங்கியது, மினுங்கிய இடத்தில் குடியிருந்தோர் மாடித்தொடர்களுக்கு ஏற்றப்பட்டனர். யுத்தம் முடிந்தபின் பாசிக்குடாவில் விடுதி வலயம் எழுந்தபோது, தலைமுறைகளாகக் கரைவலை இழுத்தோர் தமது கரையை எல்லையிட்டுக் காண நேர்ந்தது. தோட்டக்காரனின் கத்தரிக்கோல் செடியோடு நிற்பதில்லை என்பதற்கு இவை போதுமான சான்றுகள்.

இவ்விடத்தில் மறுப்போர் சிங்கப்பூரை எடுத்துக்காட்டுவர். ஜூரோங் தொழிற்பேட்டை 1960களில் சதுப்பு நிலத்தில் எழுந்தது; அங்கே 1971 இல் பறவைப் பூங்காவும், 1973 இல் யப்பானியத் தோட்டமும், 1975 இல் சீனத் தோட்டமும் திறக்கப்பட்டன; முதலீட்டாளர் பசுமை கண்டு மயங்கினர் என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் வரலாற்றின் பாதியை மறைக்கின்றது. சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மைசெய்யும் பணி 1977 இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நீடித்தது. அப்பத்தாண்டிலும் முதலில் நடந்தது பூச்செடி நாட்டல் அன்று; கழிவுக்குழாய் பதித்தலும், பன்றிப் பண்ணைகளை அகற்றலும், வீதியோர உணவு வணிகர்க்கு மாற்றிடம் அமைத்தலுமே முதலில் நடந்தன. கரையோர நடைபாதை பின்னர் வந்தது. மேலும், ஜூரோங்கின் கண்டற்காடுகளும் இறால் குட்டைகளும் அவ்வளர்ச்சிக்குப் பலியாகின என்பதையும் மறக்கலாகாது. சிங்கப்பூரைப் பின்பற்றுவோர் அதன் ஒழுங்கைப் பின்பற்றுக. அதன் இழப்பை அன்று.

ஜேர்மனியின் ரூர்ப் பிரதேசம் இன்னும் தெளிவான பாடத்தைப் புகட்டும். நிலக்கரியும் உருக்கும் செழித்த காலத்தில் எம்ஷர் ஆறு திறந்த சாக்கடையாயிற்று. ஆலைகள் மூடப்பட்டபின், 1989 முதல் 1999 வரை அங்கே பெருந்திட்டமொன்று முன்னெடுக்கப்பட்டது. டூயிஸ்பேர்க்கின் பழைய இரும்பாலை இடிக்கப்படாமலே பூங்காவாயிற்று. தொழிலாளர் உழைத்த உலைகள் மறைக்கப்படாமல் அவர்தம் நினைவாக நிறுத்தப்பட்டன. ஆயினும் எம்ஷரின் நீர் தெளிவதற்கு 51 கிலோமீற்றர் நீளமான நிலக்கீழ்க் கழிவுக்குழாய் தேவைப்பட்டது. 2021 இன் முடிவிலேயே ஆறு கழிவிலிருந்து முற்றாக விடுபட்டது. செல்வந்த நாடொன்றுக்கே முப்பது ஆண்டுகள் பிடித்தன. கெடுத்தபின் திருத்துவதற்கு இலங்கையிடம் அத்துணைப் பணம் ஏது?

'முதலில் வேலைவாய்ப்பு வரட்டும், சுற்றாடலைப் பின்னர் பார்க்கலாம்' என்போரும் உளர். வறுமையின் கொடுமையை அறிந்தோர் கூறும் இக்கூற்று எள்ளத்தக்கதன்று. ஆனால் இவர்கள் ஒன்றை ஆராய்தல் வேண்டும். நீரூற்றுக்கும் புல்விரிப்புக்கும் அலங்கார விளக்குக்கும் இன்றே பணம் கிடைக்கின்றது. சுத்திகரிப்புக் குளத்துக்கு மாத்திரம் 'பின்னர்' என்ற தவணை சொல்லப்படுகின்றது. எனவே இங்குள்ள குறை பணத்தினது அன்று, முன்னுரிமையினது.

அவ்வாறாயின் வாவிக்கரைத் தொழில் வலயத்துக்கு உகந்த வனப்பு யாது? அதற்கு வெளிநாட்டுப் பட்டியல் வேண்டியதில்லை. கரையில் கண்டலும் கண்ணாவும் தில்லையும் தழைக்கட்டும். அவற்றின் வேர்கள் சேற்றைப் பிடிக்கும். இறால் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் தொட்டிலாகும். யுத்தகாலத்தில் பாதுகாப்பின் பெயராலும், இறால் பண்ணைகளின் பொருட்டும் வெட்டப்பட்ட அக்காடுகளைப் புன்செடி என இழித்துரைத்தல் அறியாமை. 2015 இல் தன் கண்டற்காடுகள் யாவற்றையும் பாதுகாப்பதாக உலகுக்கு அறிவித்த நாடு இது. அவ்வறிவிப்பு ஒவ்வொரு தொழில் வலயத்தின் எல்லையிலும் நடைமுறையாதல் வேண்டும். உள்நிலத்தில் புன்னையும் பூவரசும் வேம்பும் மருதும் நிழல் பரப்பட்டும். 1978 நவம்பர் 23 ஆம் நாள் சூறாவளியையும், 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடற்கோளையும் கண்ட மண் இது. இங்கே மரம் நடுதல் கண்ணுக்கு விருந்தளிக்கும் பொழுதுபோக்கு அன்று; காற்றுக்கும் அலைக்கும் எதிராக எழுப்பும் அரண்.

சட்டங்களும் இல்லாமற் போகவில்லை. 1980 இன் தேசிய சுற்றாடற் சட்டமும் 1981 இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் நூலில் உள்ளன. எனினும், கரையோர வலயத்தைக் கடற்கரையிலிருந்து 300 மீற்றர் என்றும், கடலோடு இணைந்த நீர்நிலைகளில் வாயிலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் என்றும் வகுத்த 1981 இன் வரைவிலக்கணம், 56 கிலோமீற்றர் வாவியின் பெரும்பகுதியை வெளியே விட்டது. பின்னர் திருத்தங்கள் வந்தபோதும், சட்டப் புத்தகம் தானே எழுந்து வந்து வடிகானை அடைப்பதில்லை. மக்கள் அறிந்திருத்தல் வேண்டும்; கேட்டல் வேண்டும். ஒவ்வொரு வலயத்தின் வாயிலிலும், அலங்காரப் பெயர்ப்பலகைக்கு அருகில், அம்மாதத்து நீர்ப் பரிசோதனையின் பெறுபேறு தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தொங்கவிடப்படுமாயின் அதனினும் சிறந்த அலங்காரம் பிறிதில்லை.

இங்கே பல்கலைக்கழகத்தாரின் கடமையும் உண்டு. வந்தாறுமூலையில் 1981 இல் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம், வாழைச்சேனைக்கும் புன்னைக்குடாவுக்கும் அண்மையிலேயே அமைந்துள்ளது. விஞ்ஞான மாணவர் நீரை அளக்கலாம். புவியியல் மாணவர் கரை மாறுவதை வரையலாம். தமிழ் மாணவர் ஊர்ப்பெயரையும் மீனவர் வழக்காற்றையும் தொகுத்து, எங்கே எம்மரம் நின்றது என்பதை நிறுவலாம். திணைக்கோட்பாட்டைப் பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு, விரிவுரை மண்டபத்துக்கு வெளியே அத்திணை அழிவதைக் கண்டும் காணாதிருத்தல் கல்வியாகாது.

புன்னைக்குடாவில் ஆலை எழட்டும். உழைப்போர் கூலி பெறட்டும். ஆனால் அவ்வாலையின் முற்றத்தில் குறோட்டனுக்குப் பதிலாகப் புன்னை நிற்கட்டும். அதன் நிழலில் தொழிலாளி சோறுண்ணட்டும். அவள் கைகழுவும் நீர் வாவியின் மீனைக் கொல்லாதிருக்கட்டும். அதன் பின்னர் பூச்செடியும் நடப்படட்டும்; எவரும் தடுக்கப்போவதில்லை. வடிகானைச் செப்பனிடாது நடப்படும் ஒவ்வொரு பூச்செடியும், மக்கள் கேட்கும் கேள்விக்கு முன்னே இழுத்துவிடப்படும் ஒரு திரையே ஆகும்.